கறுப்புத் திரையில் காணாமல் போன சிவப்பு

சப்போர்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் உங்கள் எல்லாருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. சர்வர் படுத்துவிட்டது என்றால் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஓடுகிறீர்கள். பிரிண்டர் மக்கர் பண்ணினால் முனகிக்கொண்டாவது போகிறீர்கள். "ஸ்கிரீன்ல கலர் சரியில்ல, கொஞ்சம் மாத்திக் கொடுங்க" என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் நான் அவ்வப்போது பழைய ஆபீசை எட்டிப் பார்க்கிறவள். அந்தச் சிரிப்பை என் கண்ணாலேயே பார்த்தேன். எரிச்சலாக வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே, வண்டிகளின் பிரேக்குக்கு வார்ப்பு இரும்பில் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு மத்திகிரியில். எனக்குக் குழப்பம் சட்டென்று வரும், போக நேரமாகும். மறைக்கவும் தெரியாது. "சிஸ்டம் எப்படி இருக்குன்னு பார்க்கறதுக்கு சர்வர் ரூமுக்குப் போக வேணாம், மேடம் மூஞ்சியப் பார்த்தாப் போதும்" என்று என் காதுபடவே சொல்வார்கள்.

கலர் என்று என்னைக் கூப்பிட்டவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் போடலாம். ஸ்டோர்ஸ் பொறுப்பாளருக்கு யாரோ பச்சை கண்ணுக்கு நல்லது என்று சொல்லிவிட்டார்கள். பின்னணி, பட்டை, எழுத்து எல்லாவற்றையும் பச்சையாக்கிவிட்டு, "மேடம், ஃபைல் எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று பதறிக்கொண்டு வந்தார். கணக்குப் பிரிவில் ஒருவர் குடும்பத்துடன் திருப்பதி போன படத்தைத் திரை முழுக்க ஒட்டிவைத்திருந்தார். சம்பள ஃபைல் எங்கே என்று கேட்டால், "மச்சினிச்சி மூக்குக்குக் கீழ பாருங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் இவர்களுக்கெல்லாம் சரிசெய்து கொடுத்தேன். ஆனால் சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலரை மாற்றச் சொல்கிறவர் பாதி நேரம் தன் கண்ணைப் பற்றித்தான் சொல்கிறார். யாருக்குப் பார்வை மங்குகிறது, யாருக்கு வெளிச்சம் கூசுகிறது என்பதெல்லாம் அவரவர் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

இப்போது ஸ்டெல்லா கதைக்கு வருகிறேன்.

ஸ்டெல்லா எங்கள் டிஸ்பாட்ச் அறையில் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், வேலைக்காக மத்திகிரியில் வாடகைக்கு இருந்தாள். கம்பெனி ஆள் கிடையாது, ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த ஆள். மகள் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். லாரி வந்து நின்றதும் எந்தெந்தப் பேலட்டை ஏற்றலாம் என்று கம்ப்யூட்டரில் பார்த்து மைக்கில் எண்ணைச் சொல்வது ஸ்டெல்லாவின் வேலை. பேலட் என்றால் பாகங்களை அடுக்கிவைக்கும் மரப்பலகை. அவள் சொல்லும் எண்ணை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் எடுத்து லாரியில் வைப்பார். அவள் குரல் ஷெட் முழுக்கக் கேட்கும். எண்ணைத் தப்பாகச் சொன்னாள் என்று ஒருநாளும் யாரும் புகார் கொடுத்ததில்லை.

அந்த ஸ்டாக் திரையில் ஒரு விசித்திரம் உண்டு. எந்தப் பேலட்டை ஏற்றக் கூடாது என்பது அதில் எழுத்தில் இருக்காது, கலரில்தான் இருக்கும். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்றை நிறுத்திவைத்தால் அந்த வரிசை முழுக்கச் சிவப்பாகிவிடும். சிவப்பு இல்லாவிட்டால் ஏற்றலாம். ஏன் இப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கி, கன்னடத்தில் திரும்பி, தெலுங்கில் போய் முடியும். நடுவில் ஒருவர் என்ன சொன்னார்கள் என்று புரியாமல் இந்தியில் "க்யா போலா?" என்பார். முன்பு அந்தத் திரையில் வார்த்தைகள்தான் இருந்தன. ஆங்கிலத்தில் போட்டால் பாதிப் பேருக்குப் புரியவில்லை, தமிழில் போட்டால் மீதிப் பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். எல்லா மொழியிலும் போட்டுப் பார்த்ததில் எழுத்து கடுகு அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் எங்கள் பிளான்ட் மேனேஜர்தான் ஒரு முடிவுக்கு வந்தார். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர் அவர். "கலருக்கு பாஷை கிடையாது மேடம். சிக்னல்ல நிக்கறவன் எந்த பாஷைக்காரன்? செகப்புன்னா நிக்கறான்" என்றார். எல்லாரும் கை தட்டினோம். அன்று அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. மேனேஜர் அதைப் போகிற வருகிற ஆடிட்டரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நன்றாக வெயில் காய்ந்த ஒரு மதியம் தரக்கட்டுப்பாட்டிலிருந்து வேணு போன் பண்ணினான். வேணு தெலுங்குப் பையன், பாகலூர் பக்கம், வேலையில் படு கறார். "மேடம், ஹோல்டு போட்ட மெட்டீரியல் லாரியில போயிருச்சு" என்றான். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் காலையில் நிறுத்திவைத்த லாட் அது, ஒரே தடவையில் வார்த்த சரக்கு. பிரேக் பாகம், விரிசல், லாரி சென்னைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

லாரி விஷயம் நல்லவேளையாக சீக்கிரம் முடிந்தது. டிரைவர் போனை எடுக்கவில்லை. ஆனால் அவர் எப்போதும் சாப்பிடுவது குருபரப்பள்ளியில் ஒரு மெஸ்ஸில் என்று வேணுவுக்குத் தெரியும். மெஸ்காரரைப் பிடித்துச் சொன்னதும், "இங்கதான் மோர் ஊத்திக்கிட்டு இருக்காரு" என்று பதில் வந்தது. வண்டி திரும்பிவிட்டது. ஒரு பாகம்கூட வெளியே போகவில்லை. எல்லாரும் மூச்சு விட்டோம். விட்ட மூச்சு அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்தது: சிவப்பாக இருந்ததை ஸ்டெல்லா ஏன் ஏற்றச் சொன்னாள்?

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நான் கிளம்பறதுக்குள்ள ரிப்போர்ட் வேணும் மேடம். பெரிய கதையெல்லாம் வேணாம். சிஸ்டம் தப்பா, ஆள் தப்பா? ஒரு வரி போதும்." ஆள் தப்பு என்று எழுதினால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டியதில்லை. ஏஜென்சிக்காரர் அதற்குள் போன் பண்ணி, நாளைக்கே வேறு ஆளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டிருந்தார். ஒப்பந்த ஆளை வெளியே அனுப்ப ஒரு வரிகூட அதிகம்தான்.

நான் டிஸ்பாட்ச் அறைக்குப் போனேன். ஸ்டெல்லா எழுந்து நின்றாள்.

"மாதா சத்தியமா செகப்பு இல்லீங்க மேடம்" என்றாள். "ஒவ்வொரு வரியாப் பார்த்துத்தான் சொன்னேன். செகப்புன்னு ஒண்ணுகூட இல்ல."

திரையைப் பார்த்தேன். அந்த லாட்டில் பாதிதான் லாரியில் ஏறியிருந்தது. மீதிப் பாதி வரிசை வரிசையாகத் திரையில் இருந்தது, மிளகாய்ப் பழம் மாதிரிச் சிவப்பாக.

"இது என்ன?" என்றேன்.

"இப்ப இருக்குதுங்க. நீங்கல்லாம் போன் பண்ணினப்புறம் வந்திருக்கும். அப்ப இல்ல."

சரி, வேணு தாமதமாகத்தான் சிவப்பு போட்டிருப்பான், தப்பை மறைக்கிறான் என்று நினைத்தேன். சர்வரில் போய்ப் பார்த்தேன். லாரி உள்ளே வருவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே சிவப்பு போட்டிருந்தான். நான் சோதித்துப் பார்த்தது வேணுவுக்குத் தெரிந்து, "என்ன மேடம், நான் பொய் சொல்றேனா?" என்று முகம் வாடிவிட்டான். பிறகு, அவளுடைய திரை புதுப்பிக்காமல் நின்றிருக்கும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. நெட்வொர்க் வயர் ஆடியிருக்குமோ என்று மேஜைக்கு அடியில் புகுந்து பார்த்தேன். புடவை முழுக்க இரும்புத் தூசிதான் ஆனது. வேணு சிவப்பு போட்டது நிஜம். சர்வர் சிவப்பை அனுப்பியது நிஜம். ஸ்டெல்லா முகத்தைப் பார்த்தால் அவள் பார்க்கவில்லை என்பதும் நிஜமாகத்தான் இருந்தது. மூன்றும் எப்படி ஒன்றாக நிஜமாக இருக்கும்? தலை சுற்றியது. ஒரு கட்டத்தில், இவ்வளவு தெளிவாக இந்தப் பெண் பொய் சொல்கிறாளே என்றுகூடத் தோன்றியது. தோன்றியதும் எனக்கே கூசியது, ஆனாலும் அந்த எண்ணம் விலகவில்லை.

அடுத்த லாரி வந்து நின்றது. வேலை நிற்கக் கூடாது என்பதால் ஸ்டெல்லாவையே பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மேனேஜர் போனில், "ரிப்போர்ட் என்னாச்சு?" என்றார். "இன்னும் கொஞ்சம் சார்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். டிஸ்பாட்ச் அறைக்குப் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு, பாதி தூசி படிந்தது. அதன் வழியாகத் திரை கறுப்பாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் அணைந்துவிட்டதோ என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். திரை வழக்கம்போல் வெள்ளையாக இருந்தது. தூசிக் கண்ணாடி செய்த வேலை என்று வெளியே வந்தேன். மறுபடி பார்த்தேன், கறுப்பு. உள்ளே போனேன், வெள்ளை. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த தலை, இப்போது நின்றே போய்விட்டது.

மூன்றாவது முறை நான் உள்ளே போகவில்லை. கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, என் மொபைலிலிருந்து அவள் மேஜை போனுக்குக் கூப்பிட்டேன்.

"ஸ்டெல்லா, நான்தான். ஸ்கிரீன் இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குதுங்க மேடம்."

"கலர் எல்லாம்?"

"எப்பவும் போலத்தான். வெள்ளையாத்தான் இருக்குது."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரிக்கட்டை மாதிரி கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. அவள் மூக்கு அந்த எழுத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் பொய் சொல்லும்போது குரல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன். அதற்கு முன் அவள் செய்த சத்தியத்தில் அந்தக் குரல் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனேன். அவள் விரல்கள் மூன்று பொத்தான்களின் மேல் இருந்தன. அழுத்துவதற்கு முன் நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா இது?"

'மேடம்' போய் 'அக்கா' வந்தது. "இன்னிக்குக் காலையிலதான்க்கா. கண்ணுல புரை விழ ஆரம்பிச்சிருக்குன்னு கிருஷ்ணகிரியில சொல்லிட்டாங்க. வெள்ளை ஸ்கிரீனப் பார்த்தா எழுத்தெல்லாம் வெளிச்சத்துல கரைஞ்சு போவுது. ஷட்டர் தெறந்தா அந்த வெயில் வேற. இவ்ளோ நாளு எப்படியோ ஓட்டிட்டேன். நேத்து போன்ல ஒரு வீடியோ பார்த்தேன். மூணு பட்டனச் சேர்த்து அமுக்குனா கறுப்பாயிரும், கண்ணு கூசாதுன்னு சொன்னாங்க. நெசமாவே நல்லாத் தெரிஞ்சுதுக்கா. எத்தன மாசம் கழிச்சு நம்பரெல்லாம் அவ்ளோ தெளிவாப் பார்த்தேன் தெரியுமா? கேக்காம ஸ்கிரீன மாத்தக் கூடாதுன்னு ரூல் இருக்குதே, அதான் யாராச்சும் வந்தா திருப்பி வெச்சுக்கிட்டிருந்தேன்."

"ஆபரேஷன் பண்ணிக்கலாமே?"

"லீவு எடுத்தா ஏஜென்சிக்காரன் அந்த சீட்டுல வேற ஆளப் போட்டுருவான். வருசா வருசம் கண்ணு செக்கப் வேற. போன தடவ முன்னாடி நிக்கறவங்க படிக்கறதக் கேட்டே மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பாக இருந்த வரிசைகளைக் காணோம். அந்தக் கறுப்பு, எழுத்தைத் தெளிவாகக் காட்டுவதற்காக மற்ற எல்லாக் கலரையும் விழுங்கிவிடும். நிறுத்திவைத்த பேலட்டும் மற்றப் பேலட்டும் ஒரே கறுப்பு, ஒரே வெள்ளை எழுத்து. பொத்தான்களை நானே அழுத்தினேன். வெள்ளை வந்தது, சிவப்பும் வந்தது. மறுபடி அழுத்தினேன். சிவப்பு போய்விட்டது.

ஸ்டெல்லா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னொரு தபா பண்ணுங்கக்கா" என்றாள். பண்ணினேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நாந்தானா?"

அதுவரைக்கும் அவளிடம் இருந்த ஒரே பலம், தான் தப்புச் செய்யவில்லை என்ற நம்பிக்கைதான். அதை நான்தான் மூன்று பொத்தானில் எடுத்துவிட்டேன்.

"பிரேக்குல போடறதாச்சே அக்கா அது! யாராச்சும் வண்டி ஓட்டியிருந்தா?" என்று கேட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "நான் ஸ்கிரீன மாத்துனேன்னு சொல்லிக்கோங்க. கண்ணப் பத்தி மட்டும் மேல சொல்லாதீங்க. வெளிய தெரிஞ்சா வேற எந்தக் கம்பெனியிலயும் எடுக்க மாட்டாங்க" என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எந்த யோசனையில் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

அலுவலகக் கட்டடத்துக்கு நடந்து போகும்போது என் மனது ஒரு நிலையில் இல்லை. சிஸ்டம் தப்பு என்று எழுதினால் பாதி உண்மை. சாஃப்ட்வேர் கொடுத்தவனைத் திட்டிவிட்டு விஷயத்தை மூடிவிடுவார்கள், நாளைக்கு வேறு யாராவது அதே பொத்தான்களை அழுத்துவார்கள். ஆள் தப்பு என்று எழுதினால் அதுவும் பாதி உண்மை. விதியை மீறித் திரையை மாற்றியது அவள்தானே? ஆனால் கண் தெரிய வேண்டும் என்று ஒருத்தி நினைத்தது எப்படித் தப்பாகும்? முழு உண்மையையும் எழுதலாம் என்றால் கொடுத்த வாக்கு குறுக்கே நிற்கிறது. படியேறும்போது ஒரு முடிவு, திரும்பும்போது வேறு முடிவு. கதவைத் தட்டும்போது எந்த முடிவும் இல்லை.

மேனேஜர் அறையில் வேணுவும் இருந்தான். கண்ணை விட்டுவிட்டு, சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன். திரை கறுப்பாக இருந்தது, கறுப்பு வைத்தால் சிவப்பு தெரியாது, அவளுக்கு அது தெரியாது.

"ஹௌதா?" என்றார் மேனேஜர், அப்படியா என்று கன்னடத்தில். கொஞ்சம் யோசித்தவர் போலத்தான் இருந்தார். உடனே முகம் இறுகிவிட்டது. "யாரு மாத்தச் சொன்னாங்க? ரூல் இருக்குதில்லையா? ஆள் ஆளுக்கு ஒரு கலரு வெச்சுக்கிட்டா இப்படித்தான் ஆகும். பிளான்ட்ல இருக்கற எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே மாதிரி பண்ணுங்க. கம்பெனி கலரு, கம்பெனி எழுத்து. யாரும் மாத்த முடியாதபடி பூட்டிருங்க. அனுமதி இல்லாம மாத்தினதால நடந்த தப்புன்னு ரிப்போர்ட்ல போட்டுருங்க."

"எல்லா கம்ப்யூட்டருமா சார்?"

"எல்லாம்."

"இப்பவேவா?"

"இப்பவே. என் கண் முன்னாடி ஆரம்பிங்க."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் ஒன்றும் திட்டம் போடவில்லை. சத்தியமாகப் போடவில்லை. அவர் சொன்ன வார்த்தையைத்தான் கேட்டேன். என் கண் முன்னாடி ஆரம்பிங்க என்றார். அவர் கண் முன்னாடி இருந்தது அவருடைய கம்ப்யூட்டர்தான்.

அந்தக் கம்ப்யூட்டரை நான் அறிவேன். ஒருநாள் ஆள் இல்லாத நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மேடம், ஏதாவது பண்ணுங்க, யாருக்கும் சொல்லாதீங்க" என்றவர் அவர். எழுத்தைப் பெரிதாக்கி, கண்ணைக் குத்தும் வெள்ளையை மங்கலான மஞ்சளாக்கிக் கொடுத்திருந்தேன். விதி என்றால் எல்லாருக்கும்தானே? அவருடைய மவுசைப் பிடித்து எல்லாவற்றையும் கம்பெனி கலருக்கே திருப்பிவைத்தேன். ரிப்போர்ட்டை அவர் சொன்னபடியே தட்டச்சு செய்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"படிச்சுப் பார்த்துட்டு சரின்னு சொல்லுங்க சார்."

அவர் திரையைப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்தார், பின்னால் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். வேணு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். செய்துவிட்டேன், இனி என்ன ஆகுமோ தெரியவில்லை. சிரிப்பும் ஒரு பக்கம் முட்டிக்கொண்டு வந்தது, அதுதான் கொடுமை.

"வேணு, நீ போய் லாரி வந்துருச்சான்னு பாரு" என்றார் மேனேஜர். வேணு போனதும் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணுக்கும் இதுதானா?"

வாக்குக் கொடுத்திருக்கிறேனே. "யாருக்குக் கண்ணுல என்னங்கறத நான் வெளிய சொல்றதில்ல சார்" என்றேன். "உங்களப் பத்தியும் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவர் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டாரா, மிரட்டலாக எடுத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இன்னும் சொல்லப்போனால், நான் எப்படிச் சொன்னேன் என்பதே எனக்குத் தெரியாது. ராத்திரி படுக்கும்போது ஒரு நாள் இப்படித் தோன்றும், ஒரு நாள் அப்படித் தோன்றும்.

கடைசியில் அவர், "என்னுத பழையபடி போடுங்க" என்றார்.

"பூட்டறது சார்?"

"பூட்டு வேணாம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கலருக்கு பாஷை கிடையாதுன்னு சொன்னது நான்தானே. கலரு மட்டும் போதாது, வேற அடையாளமும் வேணும்னு எழுதுங்க. யார் பேரும் போட வேணாம். ஏஜென்சிக்கு நானே பேசறேன், அதே ஆள் இருக்கட்டும். கண்ணுக்கு என்ன பண்ணணுமோ அதப் பண்ணிக்கச் சொல்லுங்க, சீட்டு எங்கயும் போகாது." பிறகு என்னைப் பார்க்காமலே, "நீங்க எதையும் சொல்லலதான்" என்றார்.

அதற்கப்புறம் ஸ்டாக் திரையில் என்ன அடையாளம் போடுவது என்று ஒரு கூட்டம் போட்டோம். நாலு மொழிக்காரர்களும் பழைய சண்டையைப் புதிதாகப் போட்டார்கள். கடைசியில் எண்ணுக்கு முன்னால் ஒரு பெரிய பெருக்கல் குறி என்று முடிவானது. திரை கறுப்பானாலும் வெள்ளையானாலும் அது தெரியும்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று கேட்பீர்கள். எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். கலரை மட்டும் நம்பி எதையும் செய்யாதீர்கள், அது சுலபமான பாடம். அடுத்தது, ஆள் சொல்வதும் சர்வர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் ஆளைப் பொய்யாக்கிவிட்டு எழுந்து வராதீர்கள். இரண்டுமே நிஜமாக இருக்கலாம், நடுவில் நீங்கள் பார்க்காத ஒரு திரை இருக்கும். இன்னொன்றைச் சொல்லத்தான் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நம்மை நம்பித் தங்கள் கண்ணைக் காட்டியவர்களை நாம் எந்தச் சபையிலும் காட்டிக் கொடுக்கக் கூடாது. அன்று நான் காப்பாற்றினேனா, காட்டிக் கொடுத்தேனா? நீங்களே யோசியுங்கள். என்னால் முடிந்தவரை யோசித்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, புதுக் குறி ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்க டிஸ்பாட்ச் அறைக்குப் போயிருந்தேன். ஸ்டெல்லா மைக்கில் எண் சொல்லிக்கொண்டிருந்தாள். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று இடையில் சொன்னாள். அப்போது மேனேஜர் உள்ளே வந்தார். அவள் இடது கை தானாகப் பொத்தான்கள் பக்கம் ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை பாதியில் நின்றது. நின்ற கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேனேஜர் கறுப்புத் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் லாரிப் பக்கம் போனார். ஸ்டெல்லா அடுத்த எண்ணைச் சொன்னாள், ஷெட் முழுக்கக் கேட்டது.